பத்திநாதன் கொண்டுவந்த தோடு

ஓவர்சியர் பொன்னையா லஞ்சம் வாங்குகிற ஆள் இல்லை. அதை அவரே எல்லாரிடமும் சொல்வார். யாராவது நோட்டை நீட்டினால், "சீச்சீ, கையால வாங்குற பழக்கம் நமக்குக் கெடையாது" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதே நோட்டை வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து, தீபாவளி வரிசை என்று கொடுத்தால் வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொள்வார். தட்டில் வந்தால் மரியாதையாம். நல்ல நியாயம் போங்கள்!

இலங்கை மலைநாட்டில், ஹட்டனுக்குக் கீழே ஒரு சின்னப் பட்டின சபையில், ஐம்பதுகளின் கடைசியில், சாமான் வாங்குவதெல்லாம் அவர் கையெழுத்தில்தான் நடந்தது. தெருக்குழாய் போட இரும்புக் குழாய்க்கு டெண்டர் கேட்டார்கள். கொந்தராத்துக்காரர் பத்திநாதன் எல்லாரையும் விட அதிக விலை போட்டிருந்தார், அவருக்கே கிடைத்தது. மூடிப்போன ஏதோ தோட்டத்தில், தேயிலைத் தூள் அரைக்கிற ஸ்டோரில் கழற்றிய துருப்பிடித்த குழாய்களுக்கு வெள்ளிப் பெயின்ட் அடித்து இறக்கினார் மனுசன். பொன்னையா ஒன்றைத் தட்டிப் பார்த்து, "சத்தமே புதுசா இருக்கே" என்று கையெழுத்துப் போட்டார்.

"ஒங்களுக்கு நான் என்ன செய்யணும் ஐயா?" என்று பத்திநாதன் கேட்டார்.

"பிள்ளைக்குக் காது குத்துறோம். சீராக் கொண்டாந்துருங்க. சீருன்னா எவன் கேக்கப் போறான்?"

பத்திநாதன் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். தப்பு முழங்க, ஆள் வைத்துத் தட்டு தூக்கி, பஜாரையே சுற்றிக்கொண்டு வந்தார். தட்டுகளில் பழமும் பூவும். முன்தட்டில், மூடி திறந்த டப்பாவில், பளபளவென்று கல்லுத்தோடு. பொலிஸ் சார்ஜன் பார்த்தார். டெண்டரில் தோற்றவனும் கண் கொட்டாமல் பார்த்தான்.

பொன்னையாவின் மனைவி பூரணிக்கு ஒரே அண்ணன் மாயாண்டி. மஸ்கெலியாப் பக்கம் தோட்டத்தில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர். தாய்மாமன் முறைக்குப் பிள்ளையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தவர், வேட்டி முடிச்சை அவிழ்த்துக் கடுகளவு தோடு ஒரு சோடி எடுத்தார்.

"அத உள்ள வைங்க மச்சான். பெரிய மனுசங்க பாக்குறாங்கள்ல" என்றார் பொன்னையா.

ஆசாரி பத்திநாதனின் தோட்டையே மாட்டினார். மாயாண்டி ஒரு வாய் சோறு தின்னாமல் பஸ் ஏறிவிட்டார். பூரணி அழுத அழுகைக்கு அளவில்லை.

குழாயைத் திறந்த அன்று தண்ணீரோடு பெயின்ட்டும் வந்தது. மறுநாள் பஜார் ரோட்டில் கண்ட இடமெல்லாம் குழாய் ஓட்டையாகிப் பீறிட்டது. டெண்டரில் தோற்றவன் பெட்டிசன் போட்டான். ஓவர்சியர் மேலும் பத்திநாதன் மேலும் லஞ்ச வழக்கு வந்தது.

"அவரு சொந்தக்காரருன்னு சொல்லிருவமா?" என்று பொன்னையா வக்கீலிடம் கேட்டார்.

"சொந்தக்காரனுக்கு டெண்டர் குடுத்ததுக்கு உள்ள போடுவாங்க."

"சொந்தமில்லன்னா?"

"லஞ்சம் வாங்குனதுக்கு உள்ள போடுவாங்க. தட்டுல வந்தது வெறும் பழமும் பூவும், தோடு தாய்மாமன் போட்டதுன்னு ஒங்க மச்சானே வந்து சொன்னா, ஏதோ தப்பிக்கலாம்."

பொன்னையா தோட்டத்து லயத்து வீட்டுக்கு ஓடி மாயாண்டியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். "வாரேன்" என்று மட்டும் சொன்னார் மாயாண்டி.

தோடு காதில் இருந்ததால் பிள்ளையும் கோர்ட்டுக்கு வர வேண்டியதாயிற்று. நீதிபதி அதைக் காட்டி, "இது நீ போட்டதா?" என்று கேட்டார்.

"இல்லீங்க தொரை" என்றார் மாயாண்டி. "தங்கச்சி புருசன் உள்ள போகணும்னு எனக்கு ஆசையா? ஆனா எவனோ போட்டத நான் போட்டேன்னு சொல்ல என்னால ஆகாது. என் தோடு இந்தா, இன்னும் மடியிலதான் கெடக்கு."

அவ்வளவுதான். ஓவர்சியருக்கும் கொந்தராத்துக்காரருக்கும் மறியல், கம்பி எண்ணுகிற தண்டனை. கல்லுத்தோட்டைக் கழற்றி வைக்கச் சொன்னார்கள். பிள்ளை வீறிட்டது.

"ஐயோ, காது ஓட்டை தூந்துருமே!" என்று பூரணி பதறினாள்.

மாயாண்டி கூண்டை விட்டு இறங்கினார். கோர்ட்டு வாசல் படியில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் போட்டு, முடிச்சை அவிழ்த்தார். கைவிலங்கோடு வெளியே வந்த பொன்னையாவுக்குப் பழக்கதோசம் விடவில்லை.

"மச்சான், ஒரு தட்டுல வெத்தல பாக்கு வச்சு..."

"தட்டு எதுக்கு மாப்புள? நான் தாய்மாமன்ல?"

தீர்ப்பைக் கேட்டபோது வராத அழுகை அப்போதுதான் பொன்னையாவுக்கு வந்தது.