பால் கட்டிய மூன்றாம் நாள்

போன தை மாதம் என் முதல் பெண்குழந்தை பிறந்த அன்றே இறந்துபோனாள். நான் ஐந்தாவது வரை படித்துவிட்டு, சூலூரில் தறி ஓட்டுகிறவள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் எனக்குப் பால் கட்டிக்கொண்டது. வற்றட்டும் என்று மாமியார் என் மார்பில் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டினார்.

பக்கத்துக் கட்டில்காரிக்குப் பால் வரவில்லை. "ஏனுங்கக்கா, என்ற பையனுக்கு ஒருவாய் குடுங்க" என்றாள்.

"எம்புள்ளையக் குழிக்குள்ள வெச்சுப்போட்டு உம்புள்ளைக்குக் குடுக்கோணுமா? அவனும் சாகட்டும் போ" என்றேன்.

பையன் வீறிட்டு அழுதான். என் ரவிக்கை நனைந்தது. ஆத்திரத்தில் நர்சிடம் கத்தினேன்: "புள்ள செத்தது இந்த ஒடம்புக்குத் தெரியாதுங்களா?"

"அழுகை காதுல உழுந்தா மூளை சொல்லுது, பால் எறங்குது. யாரு பெத்த புள்ளைன்னு அது பாக்காது அம்மணி" என்றார் அவர்.

பூவைப் பிய்த்தெறிந்துவிட்டு, "கொண்டா அவனை" என்றேன். அவன் குடித்தபோதும் எனக்குப் பாசம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஆனாலும் பால் நிற்கவில்லை.

என் குழந்தையைக் காப்பாற்றாத சாமியோடு நான் இன்றும் பேசுவதில்லை. எதையாவது கும்பிட வேண்டும்போலிருந்தால், என் கோபத்தை மதிக்காமல் சுரந்த அந்தப் பாலை நினைத்துக்கொள்கிறேன்.