காதுக்காரர் பிடித்த சத்தம்

என் அக்கா புருஷனைப் பற்றி நல்லவிதமாகச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்த வேலையை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

அவருக்குக் காதுக்காரர் என்று பெயர். வண்டிக்குள் எந்த மூலையில் என்ன சத்தம் வந்தாலும் கண்டுபிடித்துவிடுவாராம். மூன்று மெக்கானிக்குகள் கைவிரித்த வண்டிகளையெல்லாம் அவர் பட்டறைக்கு ஓட்டிவருகிறார்கள். வந்தவுடன் பானெட்டைத் திறக்கமாட்டார். முதலில் வண்டியைக் காலி பண்ணச் சொல்வார். காலி என்றால் சுத்தமாகக் காலி. ஜாக்கி, ஸ்டெப்னி, சீட்டுக்கடியில் உருளும் தண்ணீர் பாட்டில், டாஷ்போர்டுக்குள் கிடக்கும் மூக்குக்கண்ணாடிக் கூடுவரை வெளியே வரவேண்டும். நம் குப்பையை நம் கண்ணெதிரிலேயே தார்ப்பாயில் பரப்பிவைத்து, பத்து நாள் குளிக்காதவனைப் பார்ப்பதுபோல நம்மைப் பார்ப்பார். பிறகு பின்னால் சரக்கு ஏற்றும் இடத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டு, இரண்டடி ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைத் தகரத்திலும் வைத்து, "ஓட்டு" என்பார். ஒரு தட்டு தட்டினால் நிறுத்த வேண்டும். இரண்டு தட்டினால் அதே பள்ளத்தில் திரும்ப இறக்க வேண்டும். ஓட்டுகிறவன் இருமக்கூடாது. இருமினால் அன்றைய வேலை அத்தோடு சரி.

கெட்டிக்காரர்தான். அதை மறுத்துப் பேசினால் என் வாய் அழுகிவிடும். ஆனால் அந்தக் காதைப் பட்டறையில் கழற்றி மாட்டிவிட்டா வீட்டுக்கு வருகிறார்? அக்கா தட்டுகளை அடுக்கும்போது நடுவில் துணி வைத்து அடுக்குகிறாள். குழாயை நூல்போல் திறந்து பாத்திரம் தேய்க்கிறாள். முன்பெல்லாம் அவள் சிரித்தால் எதிர்வீட்டுக் குழந்தை விழித்துக்கொள்ளும். இப்போது தும்மல் வந்தால் எழுந்து மாடிக்குப் போகிறாள். இதைத் தட்டிக்கேட்டால், "அவருக்குச் சத்தம் ஆகாதுடா, வேற என்ன குறை?" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இவ்வளவுக்கும் அவரிடம் எனக்கு இருந்தது வெறும் எரிச்சல்தான். வெறுப்பாக மாறியது ஏழு மாதத்துக்கு முன்னால்.

நான் பிக்கப் வண்டி வைத்துக் கண்ணாடிக்கடைக்கு லோடு அடிப்பவன். பின்பக்க ஸ்பிரிங்குக்குப் புது ரப்பர் போட வேண்டும் என்று அவரிடம் விட்டிருந்தேன். வேலை முடிந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்த மறுநாள் காலை கூப்பிட்டார். போனேன். அவருடைய பதினேழாம் நம்பர் ஸ்பேனரைக் காணவில்லை. சாதாரண ஸ்பேனர் இல்லை அது. கை நுழையாத சந்துக்குள் நுழைப்பதற்காக அவரே ராவி மெலிதாக்கி, நெருப்பில் காட்டி வளைத்து, பிடியில் நீல டேப் சுற்றி வைத்திருந்தது. கடையில் கேட்டால் கிடைக்காது.

"கடைசியா நின்ன வண்டி உன்னோடதுதான் மாப்ள," என்றார். "வேணும்னா கேட்டிருக்கலாம்ல?"

பக்கத்துப் பட்டறை பெயிண்டர், டயர்க்காரர், வாசலில் நின்ற இரண்டு வாடிக்கையாளர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வண்டியைக் குடைந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். சீட்டைத் தூக்கிப் பார்த்தார். டூல் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். "வண்டியிலேயா வெச்சிருப்பே?" என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். வண்டிமேல் எங்கேயாவது வைத்து மறந்திருப்பீர்களோ என்று பெயிண்டர் மெதுவாகக் கேட்டார். காதுக்காரர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வண்டிமேல் சாமானை வைத்துவிட்டுத் தேடுகிறவன் மெக்கானிக்கே இல்லை என்று தினம் பத்துப் பேரைத் திட்டுகிறவர் அவர்.

அன்றிலிருந்து அக்கா என் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். போனில் பேசுவாள். சாப்பிட்டியா, தூங்கினியா, அவ்வளவுதான். வா என்று கூப்பிட்டால் முட்டி வலி என்பாள். எனக்குத் தொழில் போனால்கூடத் தாங்கிக்கொள்வேன். என்னைத் தூக்கி வளர்த்தவள் என்னைத் திருடன் என்று நினைத்துக்கொண்டு முட்டி வலி என்கிறாளே, அதைத் தாங்க முடியவில்லை. என் பெயர் சுத்தமாக வேண்டும், அக்கா என் வாசல்படி ஏற வேண்டும். அதைத் தவிர அந்த ஏழு மாதத்தில் நான் வேறொன்றும் வேண்டவில்லை.

இதற்கிடையில் வண்டியில் டொக்கென்று ஒரு சத்தம் ஆரம்பித்தது. பிரேக் அடித்தால் முன்னால் டொக். கிளப்பினால் பின்னால் டொக். ஸ்பேனர் விவகாரம் நடந்து நாலைந்து மாதம் கழித்துத்தான் ஆரம்பித்தது, இல்லையென்றால் எனக்கே பொறி தட்டியிருக்கும். மூன்று பட்டறை ஏறி இறங்கினேன். ஷாக் அப்சார்பர் மாற்றினார்கள், போல்ட்டுகளை முறுக்கினார்கள், ஒருவர் என்ஜினையே இறக்கவேண்டும் என்றார். டொக் அப்படியே இருந்தது.

"தம்பி, கண்ணாடி ஏத்துற வண்டி இப்படி இடிச்சா சரக்கு தாங்காது," என்றார் கடைக்காரர். "காதுக்காரர் உன் மாமாதானே? போய்க் காட்டேன்."

ஊரில் வேறு ஆளே இல்லையா என்று நினைத்தேன். இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

போனேன். அவர் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. தார்ப்பாயை விரித்தார். முதல் நாள் சீட் பெல்ட் கொக்கியைப் பிடித்தார். கதவுக்குள் கிடந்த ஒரு நட்டைப் பிடித்தார். பின்கதவுக் கீலில் தேய்மானம் என்றார். ஒவ்வொன்றையும் சரிபண்ணிவிட்டு, இத்தனையோடும் வண்டி ஓட்டினாயே, நீயெல்லாம் டிரைவரா என்று பார்வையாலேயே கேட்டார். நான் இருமாமல் ஓட்டினேன். டொக் மட்டும் சிக்கவில்லை. பின்னால் கேட்டது என்று பின்னால் துணி சுற்றினால் நடுவில் கேட்டது. நடுவில் சுற்றினால் முன்னால் போய்விட்டது. இரண்டாம் நாள் மாலை காதிலிருந்த குழாயை வீசியெறிந்தார். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

மூன்றாம் நாள் பட்டறைக்குப் பக்கத்துச் சரிவில் ஓட்டச் சொன்னார். இறக்கத்தில் பிரேக் அடித்தேன். டொக். ஒரே ஒரு தட்டு. நிறுத்தினேன். அவர் குதித்து வலதுபக்கமாக அடியில் புகுந்தார். என்னவோ தோன்றி நான் இடதுபக்கமாகப் புகுந்தேன். வண்டியின் நீளத்துக்கும் ஓடுகிற இரும்புச் சட்டம் உட்புறம் பள்ளமாக, ஓடைபோல இருக்கும். அவர் டார்ச் அடித்தார். அந்தப் பள்ளத்தில், பெட்ரோல் டேங்குக்கு மேலே, நீல டேப் சுற்றிய பதினேழாம் நம்பர் கிடந்தது.

இரண்டு கைக்கும் வேலை இருந்தபோது சட்டத்தின்மேல் வைத்திருக்கிறார். வயர்க்கட்டுக்குள் மாட்டிக் கிடந்திருக்கிறது. வயர்க்கட்டின் கிளிப் விட்டுப்போனதும் பள்ளத்துக்குள் விழுந்து, பிரேக் அடித்தால் முன்னாலும் கிளப்பினால் பின்னாலும் வழுக்கிக்கொண்டிருந்திருக்கிறது. அவர் மூன்று நாளாகத் தேடியது அவர் வைத்த சாமானை.

டார்ச் வெளிச்சத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் டார்ச்சை அணைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து எழுந்து, கை கழுவப் போய்விட்டார்.

அந்த இடத்தில் நான் ஒரு போட்டோ எடுத்திருக்க வேண்டும். பெயிண்டரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்க வேண்டும். என் புத்தி எப்போதும் பத்து நிமிஷம் தாமதமாகத்தான் வரும். கையை விட்டு அதை உருவினேன். முழங்கையில் தோல் உரிந்தது. பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. ஒரே ஓட்டம்.

அக்கா மேசைமேல் போர்வையை விரித்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஸ்பேனரை அவள் முன்னால் படாரென்று வைத்தேன்.

"பாருக்கா. நல்லா பாரு. இதுதானே?"

அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். ஸ்பேனரை எடுத்து நீல டேப்பைத் தடவினாள். கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான்.

"எனக்குத் தெரியும்டா," என்றாள். "என்னைக்காவது நீயே கொண்டுவந்து குடுத்துடுவேன்னு எனக்குத் தெரியும். அவர்கிட்ட சொல்லிட்டேதான் இருந்தேன்."

அது மண்டையில் ஏற எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஐயோ, நான் எடுக்கலக்கா! வண்டிக்கு அடியில கிடந்துச்சு. அவரே வெச்சுட்டு மறந்துட்டாரு."

"ஏழு மாசமா உன் வண்டிக்கு அடியில, உனக்கே தெரியாம?" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்தாள். "சரி, சரி. நான் ஒண்ணும் கேக்கல."

காதுக்காரர் கையைத் துடைத்தபடி உள்ளே வந்தார்.

"மாமா, நீங்களே சொல்லுங்க," என்றேன். "இது எங்க இருந்துச்சு? நீங்களும்தானே பாத்தீங்க?"

ஸ்பேனரைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். துண்டால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"அவன் வண்டியிலதான் இருந்துச்சு," என்றார். "கிடைச்சிருச்சுல்ல. இனிமே இந்த வீட்ல அதைப் பத்திப் பேச்சு வேணாம்."

ஒரு வார்த்தை பொய் கிடையாது. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை, அச்சில் ஏற்றக்கூடியதாக இருந்திருக்காது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கத்தாதடா, அவருக்கு ஆகாது. தப்பு யாருதான் பண்ணல? அவரே மன்னிச்சு விட்டுட்டாரு, அப்புறம் என்ன? ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வர்றேன், உன் பொண்டாட்டிகிட்ட சொல்லிவை."

ஏழு மாதமாக நான் கேட்கக் காத்திருந்த சொல். சரி என்றேன்.

"உக்காரு, டீ போடறேன்," என்று முதுகில் தட்டிவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள். இரண்டடி போனவள் திரும்பி வந்தாள். இஸ்திரி போடுவதற்காகக் கழற்றி மேசைமேல் வைத்திருந்த தன் இரண்டு தங்க வளையல்களையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.