ஐஸில் திரிந்த பால்

பாலை ஊற்றியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னால் ஏதோ பெரிய மனசுக்காரி போல ஆகிவிடும். அந்தப் பேர் எனக்கு ஒருமுறை கிடைத்தாயிற்று, அதுவே போதும்.

என் அக்காள் சொர்ணவல்லிக்கு அப்போது பத்தொன்பது வயது, எனக்குப் பதினாலு. திருக்கோகர்ணத்தில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. அப்பா டவுனில் பாத்திரக்கடை வைத்திருந்தார். அண்ணன் அழகுமலை கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்தான். வேலை பார்த்ததைவிட எதிரே இருந்த வெள்ளைக்காரர் ஓட்டலை வேடிக்கை பார்த்ததுதான் அதிகம் என்பது அவன் லீவில் வந்து அளந்த கதைகளிலேயே தெரிந்தது. முப்பத்தேழாம் வருஷம் பங்குனியில் வந்தவன் ஒரு தகர டப்பா நிறையத் தேயிலை கொண்டுவந்தான். அந்த ஓட்டலில் துரைசானிகள் டீயை ஆறவைத்து, பழச்சாறு கலந்து, ஐஸ் போட்டுக் கண்ணாடி டம்ளரில் குடிக்கிறார்கள் என்றான். எங்கள் தெருவில் டீயைக் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுக்கிற கஷாயமாக நினைத்திருந்த காலம் அது.

"சுடவச்சுக் குடிக்க நாதியில்லாமயா ஆறவச்சுக் குடிக்கிறாளுக?" என்றாள் ஆத்தா.

 மறுநாள் காலையில் அக்காள் அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு பண்டம் கையில் கிடைத்தால் அது ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்துகொள்ளாமல் அவள் விடமாட்டாள். அவளை ஆணாகப் பெற்றிருந்தால் திருச்சிக்கு அனுப்பிப் படிக்க வைத்திருப்பார்கள். பெண்ணாகப் பெற்றதால் இட்லி நன்றாகச் சுடுகிறாள் என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள்.

பதினைந்து நாள் அந்த டீயோடு மல்லுக்கட்டினாள். தேயிலையைக் கொதிக்கிற தண்ணீரில் போட்ட உடனே இறக்கி மூடிவிட வேண்டும், கொதிக்கவிட்டால் துவர்த்து நாக்கை இழுக்கும் என்று இரண்டாம் நாளே கண்டுகொண்டாள். வடிகட்டிச் சீனி கலந்து, செம்போடு மண்பானைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி ஆறவைப்பாள். மாம்பழத்தைக் கசக்கித் துணியில் பிழிந்து நாரைப் போக்குவாள். பாலைத் தனியாகக் காய்ச்சி, ஏடெடுத்து, ஆறவைத்துக் கடைசியில்தான் சேர்ப்பாள். முதலில் நாரத்தைச் சாற்றில் செய்து பார்த்தாள், பால் திரிந்தது. லேசாகப் புளித்த மாம்பழத்துக்கும் திரிந்தது. திரிந்ததெல்லாம் ஆத்தாளுக்குத் தெரியாமல் மாட்டுக் கழுநீருக்குப் போயிற்று. அதற்குப் பிறகு எந்தப் பழமானாலும் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "இது பாலைத் தாங்கும்" அல்லது "இது தாங்காது" என்பாள். அவள் சொன்னது ஒருநாளும் தப்பியதில்லை.

நன்றாகப் பழுத்த மாம்பழத்தில் அவள் செய்த பால் டீயை முதல் ஆளாகக் குடித்தவள் நான். முதலில் மாம்பழ வாசனை வந்தது. விழுங்கிய பிறகு தேயிலையின் லேசான கசப்பு நாக்கில் தங்கியது. இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன். ஐஸ் ஒன்றுதான் குறை.

வைகாசியில் அக்காளைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். மாப்பிள்ளை தங்கமுத்து அறந்தாங்கியில் வாத்தியார். அதற்கு முன் வந்த இரண்டு இடமும் ஜாதகத்தோடு நின்றுபோயிருந்தது. இதில் பொருத்தம் பத்துக்கு எட்டு. அக்காள் அவரைக் கோயிலில் ஒருமுறை தூரத்தில் பார்த்திருக்கிறாள். "தலைகுனிஞ்சு நடக்குறாரு, ஆனா வழியில கெடந்த கல்லை எடுத்து ஓரமாப் போட்டாரு" என்று என்னிடம் மட்டும் சொன்னாள். பிடித்திருக்கிறது என்று அவள் பாஷையில் அதற்கு அர்த்தம்.

அப்பா சும்மா இருந்திருக்கலாம். "எம் மக கையால ஐஸ் டீ தாரோம்" என்று தரகரிடம் பெருமை அடித்து அனுப்பினார். அண்ணன் திருச்சியிலிருந்து காலை ரயிலில் ஐஸ் கட்டிக்கு ஏற்பாடு செய்தான். எல்லாம் மாம்பழத்துக்குத்தான் தயாராக இருந்தது. முதல்நாள் போட் மெயில் ரயிலில் வந்த யாரோ ஒரு சிநேகிதன் அண்ணனிடம் இரண்டு அன்னாசிப்பழத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். அதோடு பிடித்தது சனி.

"மாம்பழம் அவங்க வீட்டுக் கொல்லையிலேயே கெடக்கும். அன்னாசியில போடு" என்றான் அண்ணன்.

அக்காள் ஒரு துண்டு நறுக்கி நாக்கில் வைத்தாள். "இது பாலைத் தாங்காது."

"தொரைசானிக பால் இல்லாமத்தான் குடிக்கிறாளுக. பால் எதுக்கு?"

"அப்பச் சரி. பால் சேர்க்கக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்." இதை அவள் அண்ணனைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள். அடுப்படியில் அவளுக்குக் கூடமாட வேலை செய்தவள் நான்தானே.

ஐஸ் கட்டி மரத்தூளும் சாக்குமாக வந்து இறங்கியது. தெருவே வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது. அப்பாவின் கடையில் பித்தளை டம்ளர் நூறு இருந்தது. ஆனால் அண்ணனுக்கு நிறம் தெரிய வேண்டுமாம், ஆறு கண்ணாடி டம்ளரைத் தெருக்கோடி வக்கீல் குமாஸ்தா வீட்டில் இரவல் வாங்கினான். பித்தளையில் கொடுத்திருந்தால் என் அக்காள் அறந்தாங்கியில் வாத்தியார் பெண்டாட்டியாக இருந்திருப்பாள்.

வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்தார்கள். அக்காள் டீயைக் கலந்து ஆறு டம்ளரில் ஊற்றித் தட்டில் வைத்துவிட்டு, தலை திருத்திக்கொள்ள உள் அறைக்குப் போனாள். நான் ஐஸைச் சாக்கில் சுற்றி உலக்கையால் தட்டி, கழுவி, துண்டு துண்டாகப் போட்டேன். அப்போதுதான் ஆத்தா அடுப்படிக்குள் வந்தாள். தட்டைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துப்போனது.

"என்னடி இது, கருப்பா?"

அந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எழவு வீட்டில்தான் பால் இல்லாமல் கடுங்காப்பி கொடுப்பார்கள். நல்ல காரியத்துக்கு வந்தவர்கள் முன்னால் கருப்பாக ஒன்றைக் கொண்டுபோய் வைப்பதற்கு, வாசலில் சங்கு ஊதலாம்.

"பாலை ஊத்துடி" என்றாள் ஆத்தா.

"அக்கா வேண்டாம்னு சொல்லிருக்கு. திரிஞ்சிரும்னுச்சு."

ஆத்தா தடுமாறினாள். பாவம், அவளுக்கு இரண்டு பக்கமும் பயம். "மெய்யாவே திரியுமா? நீதான கூடவே இருந்த, சொல்லு."

என்னிடம் கேட்டாள். பதினாலு வயதில் யாரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. பால் சூட்டில்தானே திரியும், வெயில் காலத்தில்தானே கெடும்? இதில் ஐஸ் மிதக்கிறது. "ஐஸ்ல எப்படி ஆத்தா திரியும்? திரியாது" என்றேன். என் கையால் ஆறு டம்ளரிலும் பாலை ஊற்றினேன். அழகான சந்தன நிறம் வந்தது. திரியவே இல்லை. ஆத்தா என் கன்னத்தைத் தடவிக் கொடுத்தாள்.

அக்காள் வந்து தட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் வாயைத் திறக்குமுன் ஆத்தா தட்டைத் தூக்கி அவள் கையில் கொடுத்து, முதுகில் கைவைத்துக் கூடத்துக்குத் தள்ளிவிட்டாள்.

குளிர்ச்சியில் பால் திரியாது என்பதில்லை. கொஞ்சம் மெதுவாகத் திரியும், அவ்வளவுதான். நான் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். அக்காள் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு நமஸ்காரம் செய்து நிமிர்ந்தாள். மாப்பிள்ளை ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லாருக்கு" என்றார். அவருடைய தாயார் செங்கமலத்தம்மாள் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கி ஐஸை வேடிக்கை பார்த்தார். அப்போது அவர் கண்ணுக்கு எதிரே, அந்தக் கண்ணாடிக்குள், பால் நூல் நூலாகப் பிரிந்து கட்டிகட்டியாக அடியில் இறங்கியது. ஒருவர் டம்ளரில் மட்டும் இல்லை, ஆறிலும்.

 அந்தம்மாள் டம்ளரைக் கீழே வைத்தார். மகன் கையிலிருந்ததையும் வாங்கி வைத்தார். வாத்தியார் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். வழியில் கிடக்கும் கல்லை எடுத்துப் போட்டவர்தான்.

"நீதான் போட்டியாம்மா?"

அக்காள் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். "ஆமாங்க. நாந்தான் போட்டேன்."

"பால் திரிஞ்ச எடத்துல நாங்க கைநனைக்கிறதில்லைங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு அந்தம்மாள் எழுந்தார்.

நான் கதவைத் திறந்து ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஆத்தா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். வளையல் உடைந்து சதையில் குத்தியது. "வாயைத் தொறக்காத. அவ பேரு கெட்டது கெட்டுப்போச்சு. ஒனக்கும் நாளைக்கு ஒரு கல்யாணம் ஆகணும்" என்றாள் காதோடு. பிடித்திருந்தாள் என்பது உண்மை. அந்த வயதில் அவள் கையை உதறிவிட எனக்குத் தெம்பு இருந்தது என்பதும் உண்மை.

ஊர் சும்மா இருக்குமா? காதும் மூக்கும் வைத்து அறந்தாங்கி முதல் கீரனூர் வரை பேசினார்கள். அக்காள் பால் பாத்திரத்தைத் தொட்டாலே திரியுமாம். ஆத்தாளும் நாளடைவில் அதை நம்பினாளோ என்னவோ, பால் காய்ச்ச என்னைக் கூப்பிட ஆரம்பித்தாள். அண்ணன் கொழும்புக்குப் போய்விட்டான், அவனுக்கென்ன. தேயிலை டப்பாவை அக்காள் பரண்மேல் தூக்கிப் போட்டாள். அந்த டீயை அவள் மறுபடி செய்யவே இல்லை. நாலு வருஷம் யாரும் வாசல் மிதிக்கவில்லை. அக்காளை வைத்துக்கொண்டே எனக்குக் கீரனூரில் கல்யாணம் செய்தார்கள். அன்று எனக்குத் தலை சீவிப் பூ வைத்துவிட்டவள் அவள்தான். நான் அழுதேன். பிறந்த வீட்டைப் பிரிகிற அழுகை என்று எல்லோரும் தேற்றினார்கள்.

நாற்பத்து மூன்றில் மீமிசலில் பலசரக்குக் கடை வைத்திருந்த சேவுகன் என்பவருக்கு அக்காளை இரண்டாந்தாரமாகக் கொடுத்தார்கள். மூத்தாள் செத்து ஒரு பெண் குழந்தை இருந்தது. மனுஷர் கெட்டவர் இல்லை, பேசாதவர். அவருடைய தாயார் உண்ணாமலையும் கெட்டவர் இல்லை. ஆனால் கதை அக்காளுக்கு முன்னாலேயே மீமிசலுக்குப் போயிருந்தது.

மூன்று வருஷம் கழித்துத்தான் நான் அங்கே போனேன், கைப்பிள்ளையோடு. அக்காளுக்குப் பிடிக்குமே என்று ஒரு பொட்டலம் தேயிலை வாங்கிக்கொண்டு போனேன். அந்த வீட்டில் சோறு அக்காள் ஆக்குகிறாள். மீன் அவள் கழுவுகிறாள். தண்ணீர் அவள் இறைக்கிறாள். பால் செம்பு மட்டும் தனியாக உறியில் தொங்கியது. மூத்தாள் பெண், ஐந்து வயதிருக்கும், அக்காளின் சேலையைப் பிடித்துக்கொண்டு, "சின்னாத்தா, பாலு" என்றது. அக்காள் வெங்காயம் உரித்த கையோடு எழுந்து நின்று, "அத்தை, புள்ள பால் கேக்குது" என்று கூப்பிட்டாள். கிழவி கொல்லையிலிருந்து வந்து, கை கழுவி, உறியிலிருந்து இறக்கி ஊற்றிக் கொடுத்தார். அக்காள் தள்ளி நின்றாள். ஒருவருக்கும் அது புதிதாகத் தெரியவில்லை.

 கிழவியின் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அன்னாசி, ஐஸ், ஆத்தா கேட்டது, நான் சொன்னது, நான் ஊற்றியது. "எங்கக்கா கைக்கு ஒரு கொறையும் இல்லைங்க. ஊத்துனவ நான்" என்று சூடம் அணைக்காத குறையாகச் சொன்னேன்.

உண்ணாமலையம்மாள் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் என் தாடையைத் தொட்டு முத்தமிட்டுக்கொண்டார். "கூடப் பொறந்தவன்னா இப்படி இருக்கணும். ஒன்பது வருஷம் கழிச்சும் அக்கா பழியத் தன் தலையில ஏத்துக்கிட வந்திருக்கு பாரு" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. சாயங்காலத்துக்குள் பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பெண்கள் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் நான் புறப்படும் முன் அக்காள் அடுப்படிக்குக் கூப்பிட்டு என் முன்னால் ஒரு டம்ளரை வைத்தாள். நான் கொண்டுபோன தேயிலையில், கருப்பட்டி போட்டு, பால் இல்லாமல் போட்ட டீ.

"அன்னிக்கு நீ சொல்லியிருந்தா பழி ஒனக்கும் எனக்கும் பாதிப்பாதியா வந்திருக்கும்" என்றாள். கோபம் இல்லை. பழத்தை நாக்கில் வைத்துப் பார்த்துச் சொல்கிற அதே குரல். "இன்னிக்குச் சொன்ன. பழி எங்கிட்டயே இருக்கு. நல்ல பேரு ஒனக்கு வந்துருச்சு. இனிமே யாருகிட்டயும் சொல்லாத, பிரகதா."

நான் அந்தக் கருப்பு டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

பஸ் வந்தது. வழியில் என் பிள்ளைக்கு ஆகட்டும் என்று உண்ணாமலையம்மாள் ஒரு செம்பு பால் காய்ச்சிக் கொண்டுவந்தார். நான் பிள்ளையோடு உள்ளே ஏறி உட்கார்ந்துவிட்டேன், கிழவிக்கு ஜன்னல் எட்டவில்லை. பக்கத்திலேயே என் அக்காள் நின்றாள், கிழவியைவிட ஒரு சாண் உயரமானவள். கிழவி அவளைத் தாண்டிப் போய் முன்பின் தெரியாத கண்டக்டரிடம் செம்பைக் கொடுத்து, என்னிடம் கொடுக்கச் சொன்னார்.