உத்தரவின் பேரில் தண்ணீர் ஊற்றக் கூடாது

பெரில் தோர்ன்பர் பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருஷம் கஸ்டர்டு காய்ச்சி ஓய்வு பெற்றபோது, பள்ளிக்கூடம் அவளுக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தது. அன்று மாலையே அதைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் தள்ளிவிட்டு, பதிலுக்கு சால்வியா என்ற பூச்செடி ஒன்றை வாங்கிக்கொண்டாள். பைத்தியம் அங்கே ஆரம்பித்தது.

மூன்று வருஷத்தில் வீட்டின் பின்கட்டு நிறைந்துவிட்டது. வாயைப் பிளந்துகொண்டு நீலமாய்ப் பூப்பது ஒன்று. இலையைக் கசக்கினால் அன்னாசி மணப்பது ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே, வெள்ளித் தொப்பிக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் கறுப்புப் பூக்காரி. அதன் தண்டைத் தொட்டால் பலாப்பிசின் மாதிரி கையில் ஒட்டும். பெரிலுக்கு அதுதான் செல்லம்.

ஆனால் அவள் வாழ்ந்த ஹெப்பிள்ஷா குளிர்ந்த மலைச்சரிவில் இருக்கிற ஊர். மெக்சிகோவிலும் பெருவிலும் பிறந்த செடிகளுக்கு அங்கே என்ன வேலை? அக்டோபர் கடைசியில் ஒரே ஒரு நாள் உறைபனி விழுந்தால் போதும், வேகவைத்த கீரையாகத் துவண்டுவிடும். அதனால் ஆகஸ்டு முடிவிலேயே பெரில் கத்தரிக்கோலோடு இறங்கிவிடுவாள். பூக்காத தண்டாகப் பார்த்து, கணுவுக்குக் கீழே நறுக்கி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, குறுமணல் கலந்த மண்ணில் ஊன்றுவாள். வேர் விடுவது பெரிய காரியமில்லை. வேர் விட்ட பிள்ளைகளைக் குளிர்காலம் முழுக்க வெளிச்சத்தில், பனி படாமல் வைத்திருப்பதுதான் பெரிய காரியம். அவள் வீட்டில் வெயில் விழும் ஜன்னல் ஒன்றே ஒன்று. அதன் அடியில் அவள் கணவன் கிளிஃபர்டின் நாற்காலி.

"ஏ புள்ள, என் டீயில ஈ மிதக்குது," என்றான் கிளிஃபர்ட் ஒரு காலையில்.

"வெள்ளை ஈ. கடிக்காது."

"கடிக்காதுன்னா குடிச்சிடலாமா? இத பாரு. இந்த வீட்டுல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல இந்தச் செடிங்க இருக்கணும்."

பெரில் அவன் நாற்காலியை மேலும் கீழும் பார்த்தாள். கொஞ்சம் அதிகமாகவே பார்த்தாள்.

"என்ன யோசிக்கிற?" என்றான் கிளிஃபர்ட் கலவரத்தோடு.

"ஒண்ணுமில்ல. நாற்காலி இல்லாட்டி எத்தனை தொட்டி வைக்கலாம்னு பாத்தேன்."

அந்த வாரமே அவளுக்கு யோசனை பிறந்தது. ஊரில் வெயில் விழும் ஜன்னல்களுக்கா பஞ்சம்? பல் மருத்துவரின் காத்திருப்பு அறை, நூலகம், சலவைக்கடை, போலீஸ் ஸ்டேஷன். எல்லா இடத்திலும் ஹீட்டர், எல்லா ஜன்னலும் காலி. பழைய சமையலறை வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, தள்ளுவண்டியில் தொட்டிகளை அடுக்கி, ஒவ்வோர் இடமாகப் போய் வைத்துவிட்டு வந்தாள். ஒவ்வொரு தொட்டியிலும் தட்டச்சு செய்த அட்டை ஒன்று செருகியிருந்தது: 'உத்தரவின் பேரில் தண்ணீர் ஊற்றக் கூடாது.'

யாருடைய உத்தரவு என்று யாரும் கேட்கவில்லை. டவுன் கவுன்சிலின் ஏற்பாடு என்று போலீஸ் நினைத்தது. போலீஸ் சொல்லித்தான் வைத்தார்கள் என்று நூலகம் நினைத்தது. மே மாதம் அதே கோட்டோடு வந்து, "எடுத்துட்டு வரச் சொன்னாங்க" என்று சொல்லித் தொட்டிகளை ஏற்றிக்கொண்டு போனாள். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்கள்.

நான்கு குளிர்காலம் இப்படியே ஓடியது. பதினைந்து நாளுக்கு ஒரு தடவை சுற்றி வந்து, மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்து தூளாகியிருந்தால் மட்டும் கைப்பையிலிருந்த இருமல் மருந்துப் புட்டியிலிருந்து இரண்டு மூடி தண்ணீர் விடுவாள். பல் மருத்துவரின் வரவேற்பறையில் வேலை பார்த்த நோரீன் கிளெக்குக்கு மட்டும் லேசாக உறுத்தியது.

"மிசஸ் தோர்ன்பர், உங்களுக்கு மேல கீழ ரெண்டுமே பல்செட்டுதானே?"

"ஆமா கண்ணு."

"அப்புறம் எதுக்கு மாசத்துக்கு ரெண்டு தடவ இங்க வந்து உக்காருறீங்க?"

"மத்தவங்க முனகுறதக் கேட்டா மனசுக்கு ஒரு நிம்மதி."

ஐந்தாவது குளிர்காலம்தான் சோதித்தது. சலவைக்கடையில் இருந்த கறுப்புப் பூக்காரி நீராவியில் அழுகிப் போனாள். நூலகத்தைச் சூடாக்கும் பாய்லர் ஜனவரியில் ஒரு வாரம் படுத்துக்கொண்டது. அங்கே இருந்தவளும் போனாள். மிச்சம் ஊரிலேயே ஒரே ஒரு கறுப்புப் பூ, போலீஸ் ஸ்டேஷன் ஜன்னலில்.

ஏப்ரலில் தோட்டக்காரர் சங்கத்தின் பூக்காட்சி. பெரில் தன் அன்னாசி வாசனைக்காரியை மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பினாள். பக்கத்து மேஜையில் அவளுடைய கறுப்புப் பூ. அதன் பின்னால், மீசையை முறுக்கி விட்டுக்கொண்டு போலீஸ் சார்ஜென்ட் வில்ஃபிரெட் ஓர்மெராட். அட்டையில், 'வளர்த்தவர்: டபிள்யூ. ஓர்மெராட்.'

முதல் பரிசுக் கோப்பை அதற்கே போனது. பெரிலுக்கு இரண்டாவது. நடுவர் கையைக் குலுக்கும்போது, "மோசமில்லை மிசஸ் தோர்ன்பர். சார்ஜென்ட்கிட்ட ரெண்டு யோசனை கேட்டுக்குங்க" என்று வேறு சொன்னார்.

பெரில் நேராகப் போய்க் கேட்டாள்.

"எப்ப தண்டு நறுக்கி வச்சீங்க, சார்ஜென்ட்?"

"கிறிஸ்துமஸ் சமயம்."

"கிறிஸ்துமஸ்லயா! வேர் விட எத்தன நாளாச்சு?"

"சரியாத் தெரியல. அது வேர் விட்டப்ப நான் லீவுல இருந்தேன்."

சுற்றி நின்றவர்கள் மரியாதையோடு தலையை ஆட்டினார்கள். பெரிலும் ஆட்டினாள். 'அது என் செடி' என்று சொன்னால், 'ஸ்டேஷனுக்குள்ள எப்படி வந்துச்சு' என்று கேட்பார்கள். அந்த உத்தரவு அட்டை வரைக்கும் விசாரணை போகும். வாயை மூடிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் கத்தரிக்கோலைத் தீட்டினாள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஸ்டேஷனுக்குப் போனாள். சார்ஜென்ட் மட்டும் இருந்தார்.

"குடை தொலஞ்சுபோச்சு. எழுதிக் குடுக்கணும்."

"படிவம் உள்ள இருக்கு. உக்காருங்க," என்று அவர் எழுந்து போனார்.

கதவு சாத்தியதும் பெரில் ஜன்னலுக்குத் தாவினாள். கத்தரிக்கோல் ஐந்து தடவை கிளிக் என்றது. ஐந்து தண்டும் கைப்பைக்குள். அவர் திரும்பி வந்தபோது நாற்காலியில் முழங்காலைச் சேர்த்து வைத்து உட்கார்ந்திருந்தாள், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் இருப்பதுபோல. படிவத்தை நிரப்பினாள். கையெழுத்துப் போட்டாள். பேனாவை நீட்டினாள். பேனா விரலைவிட்டு வரவில்லை.

"பேனாவ விடுங்க, மிசஸ் தோர்ன்பர்."

"நான் விட்டுட்டேன். அதுதான் விடமாட்டேங்குது."

படிவமும் இடது கையோடு எழுந்து வந்தது. சார்ஜென்ட் அவளையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஜாம் ரொட்டி சாப்பிட்டேன்," என்றாள் பெரில்.

"கறுப்பு ஜாமா? பை ஓரமா ஒரு பூ எட்டிப் பாக்குது."

பெரில் எழுந்து நின்றாள். இருபத்தாறு வருஷம் முந்நூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்திய குரல் வெளியே வந்தது. "அது என் செடி, வில்ஃபிரெட் ஓர்மெராட்! தொட்டியத் தூக்கி அடியப் பாரு!"

"பாத்தேனே. பி.டி.ன்னு சிவப்பு பெயின்ட்டுல எழுதியிருக்கு. முதல் வருஷமே பாத்தாச்சு."

பெரில் பேனாவோடும் படிவத்தோடும் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இந்த ஸ்டேஷன்ல பாக்கறதுக்கு வேற என்ன இருக்கு சொல்லுங்க," என்றார் அவர். "நாலு வருஷமா நீங்க இருமல் மருந்து ஊத்துறதக் கதவிடுக்குல பாத்துட்டு இருக்கேன். பூக்காட்சியில வச்சா, 'என்னோடது'ன்னு கத்திட்டு வருவீங்கன்னு நினைச்சேன். நீங்க தலைய ஆட்டிட்டு நிக்கறீங்க. அவங்க கோப்பையக் கையில குடுத்துட்டாங்க. நான் என்ன பண்றது?"

முதலில் சிரித்தது யார் என்பதில் இருவரும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. தண்டு ஐந்தும் பெரிலுக்கு, தாய்ச்செடி ஸ்டேஷனுக்கு என்று பேசி முடித்தார்கள். கோப்பை ஆளுக்கு ஆறாறு மாதம். புறப்படும்போது, அவள் முழங்கையில் தொங்கிக்கொண்டிருந்த குடையைக் காட்டி, "கிடைச்சிடுச்சுன்னு எழுதிக்கறேன்" என்றார் சார்ஜென்ட்.

நான்கு வருஷம் ரகசியம் காத்த சார்ஜென்டுக்கு இனி அது அடங்கவில்லை. ஒரு வாரத்தில் ஊருக்கே தெரிந்துவிட்டது. கோபப்பட்டவர்கள் யாருமில்லை. அந்த அக்டோபரில் பெரிலின் வாசலில் வரிசையே நின்றது, ஆளுக்கொரு தொட்டி வேண்டும் என்று. பெரில் வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தேர்வு நடத்தினாள்.

"ஜனவரி மாசம். இலை ரெண்டு வாடியிருக்கு. என்ன பண்ணுவீங்க?"

"தண்ணி ஊத்துவேன்," என்றவர்கள் எல்லோரும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அமரர் ஊர்தி ஓட்டுகிற மிஸ்டர் கிரிம்ஷா மட்டும், "பாக்கவே மறந்திருவேன்" என்றார். அவருக்கு இரண்டு தொட்டி கிடைத்தது.

நோரீன் பொய் சொல்லித் தேர்வானாள். இளகிய மனசு. பிப்ரவரியில் அவள் செடிக்கு வெதுவெதுப்பாகத் தேநீர் ஊற்றி ஊற்றி, வேரை அழுக வைத்துக் கொன்றுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். பெரில் திட்டவில்லை. அடுத்த அக்டோபரில் கடைத்தெருவில் ஒரு நல்ல பிளாஸ்டிக் செடியை வாங்கி, தொட்டியில் மண்ணெல்லாம் போட்டு நட்டு, அதைக் கொண்டுபோய் அவள் ஜன்னலில் வைத்தாள்.

மே மாதம் வண்டியோடு போனபோது நோரீன் முகமெல்லாம் பூரிப்பு.

"இந்தத் தடவ ஒரு இலைகூட உதிரல, மிசஸ் தோர்ன்பர்!"

"கெட்டிக்காரி கண்ணு நீ," என்றாள் பெரில். நோரீனின் முகத்தை உற்று உற்றுப் பார்த்தும், யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.