சிலை அண்ணனின் இடது கழுத்து

சிலை அண்ணனுக்குத் தன் கழுத்தில் என்ன இருக்கிறது என்று தெரிய வந்தது ஒரு சுவரைப் பார்த்துத்தான். ஓவியம், வடிவமைப்பு சொல்லித்தரும் கல்லூரி அது. அதன் ஆண்டுக் கண்காட்சியில், பட்டப்பகலில், கூட்டம் தோளோடு தோள் இடித்துக்கொண்டிருந்த கூடத்தில், கையில் பாதி குடித்த தேநீரோடு நின்றிருந்தார்.

அந்தக் கல்லூரியில் அவருக்கு வேலை, அசையாமல் இருப்பது. மேடை மேல் உட்காருவார், மாணவர்கள் சுற்றி அமர்ந்து வரைவார்கள். அதற்கு முன்னால் அதே கல்லூரியின் வாசலில் காவலாளியாக நின்றார். நின்றார் என்றால் அப்படி ஒரு நிற்பு. வெளியிலிருந்து வந்த ஒருவர் அவரைச் சிற்பத் துறையின் படைப்பு என்று நினைத்து மூக்கைத் தொட்டுப் பார்க்கப் போனாராம். சிலை என்ற பெயர் அன்றைக்கு ஒட்டியது. ஒருநாள் வழக்கமான மாடல் வராமல் போக, ஓவிய ஆசிரியர் நேரே வாசலுக்கு வந்து, "நீ வாப்பா, சும்மா உட்கார்ந்தா போதும்" என்று கூட்டிப்போனார். திரும்ப வாசலுக்கு அனுப்பவே இல்லை.

பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி கட்டும் அவர் மனைவிக்கு இந்த வேலை கடைசிவரை விளங்கவில்லை.

"சும்மா உட்கார்ந்திருக்கிறதுக்குச் சம்பளமா? வீட்ல அதைத்தானே ஓசியில பண்ணிட்டிருக்கீங்க!"

"நீ ஒரு மணி நேரம் மூக்கு அரிச்சாலும் சொறியாம உட்கார்ந்து பாரு."

"நான் மூச்சு விடாமக்கூட இருப்பேன். பேசாம இருக்கச் சொல்லாதீங்க, அது முடியாது."

வேலைக்குச் சேர்ந்த புதிதில், இடைவேளையில் ஆவலோடு ஒவ்வொரு பலகையாகப் போய் எட்டிப் பார்த்தார். முதல் பலகையில் அவர் மூக்கு கத்தரிக்காய். இரண்டாவதில் கண்கள் தனித்தனி ஊருக்குக் கிளம்பியிருந்தன. மூன்றாவதைப் பார்க்கவில்லை. மனசு விட்டுப்போயிற்று. அன்றிலிருந்து, மேடையை விட்டு இறங்கினால் நேரே ஜன்னலுக்குப் போவதுதான் வழக்கம். தன்னை வரைந்த படத்தைத் தான் பார்ப்பதில்லை என்பதை ஒரு விரதம்போலவே காத்து வந்தார்.

இந்த ஆண்டு கடைசி வருட மாணவர்களுக்கு ஒரே நிலைதான். ஜன்னலோர நாற்காலி, யாரோ கூப்பிட்ட மாதிரி வலப்பக்கம் நன்றாகத் திருப்பிய தலை. வாராவாரம் அதே. ஒன்றையே அலுத்துப்போகும்வரை வரைந்தால்தான் கண் திறக்கும் என்பது ஆசிரியரின் கட்சி. பிள்ளைகள் புலம்பினார்கள். "அண்ணே, உங்க காது கனவுல வருது. வந்து என்னைத் திட்டுது."

ஒரு மாணவி மட்டும் எப்போதும் பிந்தித்தான் வருவாள். யாரும் விரும்பாத ஸ்டூல் அவளுக்கு மிஞ்சும். கை கழுவும் தொட்டியை ஒட்டிய மூலை, அண்ணனின் இடப்பக்கம். வரைவதைவிட அழிப்பது அதிகம், தாள் ஓட்டையாகும் வரை அழிப்பாள். அதனால் வகுப்பில் அவள் பெயர் ரப்பர்.

ஆசிரியர் கெட்டிக்காரர். கண்ணைக் கட்டிவிட்டாலும் ஒரு மனித உடம்பை எலும்பு எலும்பாக வரைந்துவிடுவார். மாணவர்களின் முதுகுப் பக்கம் வந்து நின்று, சிவப்புப் பென்சிலால் அவர்கள் படத்தின் மேலேயே திருத்துவார். மேடையில் இருந்தபடி தலையைத் திருப்பாமல் அண்ணன் இதையெல்லாம், முக்கியமாக ரப்பரின் மூலையிலிருந்து, ஆண்டு முழுக்கக் கேட்டிருக்கிறார்.

"இது என்னம்மா?"

"கழுத்து சார்."

"கழுத்தா? பாம்பு எலியை முழுங்கின மாதிரி இருக்கு."

வகுப்பு சிரிக்கும். உதடு அசையாமல் அண்ணனும் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வார்.

"எனக்கு அங்க அப்படித்தான் தெரியுது சார்."

"நீ பார்க்கலம்மா, நினைச்சுக்கிற. இந்த ஆளை எத்தனை வருஷமா வரையறேன்! கழுத்து இப்படிப் போகும். நேரா." சர்ரென்று பென்சில் ஓடும் சத்தம் கேட்கும்.

பாவம், பிள்ளைக்குக் கை வரவில்லை என்று அண்ணன் நினைத்துக்கொள்வார்.

கண்காட்சி நாளன்று மனைவிக்கு விடுமுறை. "துணியோடதானே வரைஞ்சிருக்காங்க?" என்று மூன்று முறை கேட்டு உறுதி செய்துகொண்டு கூட வந்தாள். அவள் வற்புறுத்தலில்தான் அண்ணனின் விரதம் கலைந்தது.

ரப்பருக்கு ஒதுக்கிய சுவரின் முன்னால்தான் கூட்டம் அதிகம். ஆண்டு முழுவதும் வரைந்ததை, முதலிலிருந்து கடைசிவரை, வரிசையாக மாட்டியிருந்தாள். ஆசிரியரின் சிவப்புத் திருத்தங்களைக்கூட அழிக்கவில்லை. மேலே பெரிய எழுத்தில் தலைப்பு: "என் தப்புகள்." பார்ப்பவர்கள் ரசித்துச் சிரித்தார்கள்.

"அட, எல்லாத்துலயும் நீங்கதான்!" என்றாள் மனைவி. "காது அச்சு அசல். இந்தச் சட்டையைத்தான் தூக்கிப் போடுங்கன்னு சொன்னேன், இப்ப ஊரே பார்க்குது."

அண்ணனும் சிரித்தபடியே வரிசையோடு நடந்தார். ஆரம்பப் படங்களில் நாற்காலிக்கால் வளைந்திருந்தது, விரல்கள் வாழைப்பழமாக இருந்தன. கழுத்து மட்டும் சாதாரணக் கழுத்து. கொஞ்சம் தள்ளி, காலர் எலும்புக்கு மேலே சின்னதாக ஒரு நிழல். அதன் மேல் மெல்லிய சிவப்புக் கோடு. இன்னும் தள்ளி, நிழல் மேடாகியிருந்தது. கோடு தடித்திருந்தது. கடைசிப் படங்களில் மேடு துருத்திக்கொண்டு நிற்க, சிவப்புப் பென்சில் கோபத்தோடு அதைக் குறுக்கே வெட்டியிருந்தது.

சிரிப்பு எந்தப் படத்தில் நின்றது என்று அவருக்கே தெரியாது. நாற்காலிக்கால் படத்துக்குப் படம் நேராகிக்கொண்டே வந்திருந்தது. விரல்கள் விரல்களாகியிருந்தன. சட்டை மடிப்பு தொட்டால் கசங்கும்போல இருந்தது. கை இவ்வளவு தேறிய ஒரு பெண்ணுக்குக் கழுத்து மட்டும் எப்படி வாரத்துக்கு வாரம் மோசமாகும்?

கை தானாக மேலே போனது. ஒன்றும் தட்டுப்படவில்லை. தினமும் சோப்புப் போட்டுத் தேய்க்கும் இடம்தானே, இருந்தால் தெரியாதா? பிறகு, சுவரில் இருக்கும் தன்னைப் போலவே, தலையை வலப்பக்கம் முழுக்கத் திருப்பினார். விரலுக்கு அடியில் உருண்டையாக ஒன்று எழும்பி வந்தது.

தேநீர் சட்டையெல்லாம் கொட்டியது.

"என்னாச்சு? சுடுதா?"

"இங்க தொட்டுப் பாரு."

மனைவி தொட்டாள். தொட்ட கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். வாய் திறந்தது, பேச்சு வரவில்லை.

ரப்பர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "அண்ணே, வந்துட்டீங்களா! கோவிச்சுக்காதீங்க, உங்களைக் கோரமா..." அவர் அப்படியே தலையைத் திருப்பிக் காட்டினார். அவள் கழுத்தைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். மறுபடி கழுத்தை.

"ஐயோ. அது இருக்கு."

"நீ அதைத்தாம்மா வரைஞ்சிருக்க."

"வாராவாரம் பார்த்தேன்ணே. சார் சொல்லச் சொல்ல என் கண்ணுதான் சரியில்லைன்னு நினைச்சேன்." தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பின்னாலிருந்து அவள் வகுப்பு மாணவன் ஒருவன் முணுமுணுத்தான். "நானும் அந்தப் பக்கம்தான். எனக்கும் தெரிஞ்சுது. இவ திட்டு வாங்கினதைப் பார்த்து நேரா வரைஞ்சிட்டேன்."

"என்ன இங்க கூட்டம்?" என்றபடி ஆசிரியர் வந்தார்.

மனைவிக்கு அப்போதுதான் குரல் திரும்பியது. "சார், நீங்க கடைசியா எப்ப இவரைப் பார்த்தீங்க?"

"தினமும் பார்க்கிறேனேம்மா, இதென்ன..." அவர் முடிக்கவில்லை. ரப்பர் உட்காரும் பக்கத்துக்கு வந்து நின்று, குனிந்து, அண்ணனின் கழுத்தைப் பார்த்தார். பிறகு அவர் கண் சுவருக்குப் போய், தன் கையால் போட்ட கோடுகள் ஒவ்வொன்றின் மேலும் நடந்தது.

யாரோ ஒருவர் விவரம் தெரியாமல் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். அவரையும் பக்கத்தில் நின்றவர் அடக்கினார்.

மருத்துவமனையில், அறுவை சிகிச்சை டாக்டர் அம்மா முதலில் இலகுவாகத்தான் பேசினார். "கழுத்துக் கட்டி நிறையப் பேருக்கு வரும், பயப்படாதீங்க. எப்போலேர்ந்து இருக்கு?"

"தெரியலை டாக்டர். நேத்துதான் பார்த்தேன்."

"வேகமா வளருதா, மெதுவான்னு தெரிஞ்சா உதவும். யாரும் கவனிக்கலையா?"

"கவனிச்சாங்க" என்றாள் மனைவி. "கவனிச்சு அழிச்சாங்க."

மறுநாள் ரப்பர் படங்களைச் சுருட்டிக் கொண்டுவந்தாள். டாக்டர் அவற்றை மேசையில் வரிசையாக விரிக்கச் சொன்னார். எது முதல், எது பிறகு என்று கேட்டுக் கேட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். முதல் சில படங்கள்வரை பேசிக்கொண்டிருந்தவர், பாதிக்குமேல் ஒவ்வொரு மேட்டையும் அளவுகோலால் அளக்க ஆரம்பித்தார். ஊசியால் சோதித்துப் பார்த்த முடிவு வந்ததும், அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று முதலில் சொல்லியிருந்த அறுவை சிகிச்சையை அந்த வாரத்துக்கே மாற்றினார்.

எடுத்த கட்டியின் சோதனை முடிவு வரும் நாளன்று, அண்ணன் கழுத்தில் கட்டோடு படுக்கையில் இருந்தார். சட்டை திறந்தபடி கிடந்தது. மனைவி அருகில் நின்றாள். ரப்பர் சுவரோரமாக நின்றாள். ஆசிரியர் உள்ளே வரத் தயங்கி, வாசற்படியிலேயே நின்றார். உள்ளே வாங்க என்று சொல்ல மனைவிக்கு மனம் வரவில்லை. போங்க என்றும் சொல்லவில்லை.

டாக்டர் வந்தார். "கெட்ட கட்டிதான்" என்றார், சுற்றி வளைக்காமல். "ஆனா அதோட உறையைத் தாண்டல. முழுசா எடுத்துட்டோம். மாத்திரை தொடர்ந்து எடுக்கணும், சொல்ற நாள்ல வந்து காட்டணும். பிழைச்சுட்டீங்க. அந்தப் பொண்ணு படத்துல இருக்கிற வேகத்துக்கு, இன்னும் ஒரு வருஷம் யாரும் தொட்டுப் பார்க்காம விட்டிருந்தா..."

ஆசிரியர் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். ரப்பர் வாயைப் பொத்திக்கொண்டு தேம்பினாள். அண்ணன் கூரையைப் பார்த்தபடி, பிழைத்துவிட்டோமா, செத்திருப்போமா, இரண்டில் எதை முதலில் நினைப்பது என்று தெரியாமல் கிடந்தார்.

மனைவியைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். தொழிற்சாலை இயந்திரச் சத்தத்தை மீறிப் பேசிப் பழகியவள், அழுவாள் அல்லது கத்துவாள் என்று எதிர்பார்த்தார்கள்.

"டாக்டர்" என்றாள் மெதுவாக. "இவருக்குச் சட்டைப் பட்டன் போட்டுவிடலாமா?"

"போடலாம்மா."

கீழிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்தாள். மேல் பட்டனை மட்டும் விரலில் பிடித்தபடி அவர் கழுத்தையே பார்த்தாள். பிறகு, போடாமலே விட்டுவிட்டாள்.