ஒரே வம்சத்துக் காதலர்

தங்கச்சி வீட்டுக்குப் போகிற மல்வேர்ன் பஸ் வருமட்டும் குளிருக்கு ஒதுங்கின கொரியன் கடையில், வீடியோ கசெற்றில் நாடகம் ஓடுகிறது. ஒரு பெட்டை விம்மி விம்மி அழுகிறாள். அவளை விரும்புகிறவன் தலைகுனிந்து நிற்கிறான். பாஷை விளங்காவிட்டாலும் பார்த்துக்கொண்டே நிற்கிறன். கல்லாவில் நிற்கிற யாழ்ப்பாணத்து அக்காவிடம் என்ன நடந்ததென்று கேட்கிறன்.

"ரெண்டு பேரும் ஒரே வம்சமாம், தம்பி. எத்தினை தலைமுறை தள்ளியெண்டாலும் கட்டேலாதாம். முதலாளியம்மா சொன்னவ."

"எங்கட அம்மா, தங்கச்சி விரும்புற பெடியன் வேற ஆக்கள், வேற சாதியெண்டு மறிக்கிறா. அதை அவளுக்குச் சொல்லத்தான் மொன்றியலில இருந்து வந்தனான்."

அக்கா சிரிக்கிறா. "கொரியாவில பிறந்திருந்தா, வேற ஆக்களெண்டுதானே மாலை போட்டுக் கூப்பிட்டிருப்பினம்!" பிறகு குரலைத் தணித்துக் கேட்கிறா. "பெடியன் எப்பிடி?"

"தெரியாது. நாங்கள் ஒருத்தரும் விசாரிக்கேல்லை."

"தங்கச்சியிட்டயும் கேக்கேல்லையோ?"

பஸ் வந்து நிற்கிறது. ஏறி இருக்கிறன். அம்மா சொல்லிவிட்டதை எப்படித் தொடங்குவதென்றுதான் வழி முழுக்கப் பயந்துகொண்டு வந்தனான். இப்போது, அந்தப் பெடியனின் பேரை அவளிடம் எப்படிக் கேட்பதென்று பயப்படுகிறன்.