மகளின் கையில் நான்கு விரல்கள்

என் தொண்டை பெரிது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். செல்லூரில், தறி ஓடும் சந்துக்குள் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். அங்கே மெதுவாகப் பேசினால் எதிரில் நிற்பவருக்கு நம் வாய் அசைவது மட்டும்தான் தெரியும். பகல் முழுக்கக் கத்திவிட்டு அதே தொண்டையோடு திருநகர் வீட்டுக்கு வருவேன். சாப்பிட உட்கார்ந்து "உப்பு எங்க?" என்று நான் கேட்டால், மூன்று வீடு தள்ளி இருப்பவர் எழுந்து உப்பைத் தேடுவார். ஆனால் கை நீட்ட மாட்டேன். என் மகளை ஒருநாளும் அடித்ததில்லை.

இதை ஒரு ஜீவனும் நம்பாது என்பது போன சித்திரையில்தான் எனக்குத் தெரிந்தது.

மகளுக்கு ஐந்து வயது. தள்ளித் தள்ளிப் போன காதுகுத்தை ஒருவழியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை முடித்தோம். எங்கள் குலசாமி கோயில் திருவாதவூர்ப் பக்கம் வயல்வெளியில் இருக்கிறது. என் மனைவிக்குப் பிறந்த ஊரும் அதுதான். மண்டையைப் பிளக்கிற வெயில். மொட்டை போட்டு, சந்தனம் தடவி, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தினார்கள். அவள் போட்ட சத்தத்தில், இவள் என் பிள்ளைதான் என்று ஊருக்கே ருசுவானது.

செவ்வாய்க்கிழமை என் கடைச் சாவியைக் காணோம். வீட்டைத் தலைகீழாகப் புரட்டிய பிறகு, சாவி மரம் முளைக்கட்டும் என்று தொட்டிச் செடியில் புதைத்துவைத்திருப்பதாக மகள் சொன்னாள். கத்தினேன். நன்றாகவே கத்தினேன்.

புதன்கிழமை காலை, பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த மனைவி என்னைக் கூப்பிட்டாள். மகளின் இரண்டு மேற்கைகளிலும் நான்கு நான்கு பட்டைகள். சிவப்பும் கறுப்பும் கலந்த நிறம். பின்பக்கம் கட்டைவிரல் அளவுக்கு கைக்கொரு திட்டு. யாரோ இறுக்கிப் பிடித்து உலுக்கியதைப் போலவே இருந்தது. "வலிக்குதா?" என்றால் இல்லை என்றாள். "அரிக்குதா?" இல்லை. "யாரு பிடிச்சா?" தெரியாது.

மனைவி தடத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நேத்துச் சாவிக்குக் கத்துனீகளே, கத்துனதோட விட்டீகளா?"

"அடியே, நான் பிள்ளையத் தொடவே இல்லடி!"

"இப்பவும் கத்தத்தான் செய்றீக."

பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்கலாம் என்று அவள் அழைத்து வந்தாள். மூன்று பிள்ளைகளை வளர்த்தவர், கைவைத்தியம் தெரிந்தவர். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நேத்துச் சத்தம் கேட்டுச்சு தம்பி. நாங்க டிவிய நிப்பாட்டிட்டுத்தான் கேட்டோம். சரி, நடந்தது நடந்துபோச்சு. எலுமிச்சம்பழத்தத் தேச்சு வெயில்ல நிக்க வைங்க, கறுப்பு ஓடிரும்." மனைவி பழத்தை நறுக்கியும் விட்டாள். மகள் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டாள். அரைமணி நேரம் கெஞ்சியும் வரவில்லை.

நான் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன். கடைக்கார அண்ணன் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு மேஜை மேல் இருந்த என் கையைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"என்னண்ணே பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல. ஆயின்மெண்ட் ஒண்ணு தாரேன். ஆனா கோவத்தக் கொஞ்சம் கொறைங்க தம்பி."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு ஆத்திரம். வந்த பிறகுதான் பயம் பிடித்தது. ஒருவேளை கோபத்தில் நானே பிடித்து உலுக்கிவிட்டு மறந்துபோனேனா? நாலு பேர் ஒரே மாதிரி பார்த்தால் நமக்கே நம் மேல் சந்தேகம் வந்துவிடுகிறது. மத்தியானம் மகள் தூங்கும்போது, என் விரல்கள் அந்தத் தடத்துக்குப் பொருந்தவில்லை என்று எனக்கு நானே நிரூபித்துக்கொள்ள, அவள் கைமேல் என் கையை வைத்து அளந்துபார்த்தேன். அந்த நேரம் பார்த்து மனைவி உள்ளே வந்தாள். சரியாகத் தடத்தின் மேலேயே என் கை. அதற்குப் பிறகு நான் என்ன விளக்கி என்ன?

வியாழக்கிழமை காலை, மனைவி போனில் சொன்னதைக் கேட்டு மச்சான் வந்து இறங்கினார். மனைவிக்கு அண்ணன், திருவாதவூரில் விவசாயம், ஆள் நல்ல வாட்டசாட்டம். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்ன மாப்ள, கை நீட்டுற அளவுக்கு வந்தாச்சோ? தங்கச்சியையும் பிள்ளையையும் கூட்டிட்டுப் போறேன்."

மனைவி மறுத்துப் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அலமாரியிலிருந்து மகளின் கவுன்களை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "தோல் டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோம் மச்சான். அவங்களும் நான் அடிச்சேன்னு சொல்லிட்டா, கூட்டிட்டுப் போங்க" என்றேன். மச்சான் சாட்சிக்குக் கூடவே வந்தார்.

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு, லென்ஸ் வைத்துப் பார்த்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். "நாலஞ்சு நாளைக்குள்ள பிள்ளை வெயில்ல இருந்தாளா?"

காதுகுத்தைச் சொன்னோம்.

"அன்னிக்கு யாரு எலுமிச்சம்பழம் பிழிஞ்சது?"

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. மச்சான்தான் நெஞ்சை நிமிர்த்தினார். "நாந்தாங்க. வந்த ஆளுக அம்புட்டுப் பேருக்கும் சர்பத்து நான் ஒருத்தனாத்தேன் பிழிஞ்சேன். பாதியில தாய்மாமன் எங்க, தாய்மாமன் எங்கன்னு கூப்புட்டாக. கைய வேட்டில துடைச்சுட்டு ஓடி வந்து பிள்ளையப் பிடிச்சேன்."

"கையக் காட்டுங்க."

புறங்கையிலும் விரலிடுக்குகளிலும் அதே கறுப்புத் திட்டுகள்.

"அது டிராக்டர் மசிங்க. எம்புட்டுச் சோப்பு போட்டாலும் போகமாட்டேங்குது."

அன்றைக்குப் பிடித்த மாதிரியே பிடித்துக் காட்டச் சொன்னார் டாக்டரம்மா. மச்சான் மகளைத் தூக்கி மடியில் வைத்து மேற்கைகளைப் பற்றியதுதான் தாமதம், "காது வேணாம்! காது வேணாம்!" என்று அவள் கட்டடமே அதிரக் கத்தினாள். எட்டு விரலும் எட்டுப் பட்டையில் அச்சாக உட்கார்ந்தன. எலுமிச்சைச் சாறு பட்ட இடத்தில் கடும் வெயில் பட்டால் தோல் வெந்து, இரண்டு நாள் கழித்துத்தான் தடம் தெரியுமாம். வெயிலில் காட்டாமல் இருந்தால் சில வாரங்களில் தானாக மங்கிவிடுமாம்.

"நல்லவேளை, கறுப்பு போகட்டும்னு மறுபடி எலுமிச்சம்பழத்தத் தேய்க்கல. நெறைய பேரு அதத்தான் செய்வாங்க" என்றார். மனைவி மின்விசிறியை உற்றுப் பார்த்தாள்.

நான் எழுந்தேன். இரண்டு நாளாக அடக்கி வைத்தது அத்தனையும் செல்லூர்க் குரலில் வெளியே வந்தது.

"இப்பத் தெரிஞ்சுதா? யாரு கைன்னு இப்பத் தெரிஞ்சுதா? துணிய மடிச்சு வைக்கிறா! சாட்சிக்கு வந்தாராம் சாட்சிக்கு! நான் எம்பிள்ளைய அடிப்பேனாய்யா?"

வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். நான் இன்னும் இரண்டு பத்தி மிச்சம் வைத்திருந்தேன். அப்போதுதான், மகளின் கைகள் இரண்டும் மேலே போய், காதைத் தொடாமல் பக்கத்திலேயே நின்றதைப் பார்த்தேன்.

"என்ன கண்ணு, காது வலிக்குதா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"இல்ல. அப்பா கத்தும்போது எப்பயும் பொத்திக்கிருவேன். இப்பக் கம்மல் போட்டுருக்குல்ல, பொத்துனா வலிக்குது."

அடிக்கவில்லை, அடிக்கவில்லை என்று கண்டவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தவனுக்கு வெட்கமாக இருந்தது. மருந்துச் சீட்டை மனைவிதான் வாங்கிக்கொண்டாள். நான் மகளின் முன்னால் குனிந்து, மெதுவான குரலில், "வீட்டுக்குப் போவமா தங்கம்?" என்று கேட்டேன்.

அவள் என் வாயையே பார்த்தாள்.

"என்னப்பா சொன்ன? கேக்கல."